மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் ஸுபைரா அடுப்பை மூன்று முறையும் பூனையை இரண்டு முறையும் ஏசி முடித்துவிட்டாள். அவள் உண்மையிலேயே ஏச விரும்பிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை. கணவரின் அக்கா ஜெனீரா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். எதற்காக வருகிறாள் என்பதும் ஸுபைராவுக்குத் தெரியும். பேசி முடித்த கல்யாணத்தைக் கலைக்க வருகிறாள்.

பத்து நாளைக்கு முன்பு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஹாலிஎல வளைவில் பஸ் குடைசாய்ந்து, ஸுபைராவின் மகள் ஸகீனாவின் தொடையைத் தகரம் பிளந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகம் கடுதாசி போல வெளுத்திருந்தது. யாராவது ரத்தம் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் புதிதாக வந்திருந்த டாக்டர் ஜௌபர். புடவைக் கடைக்காரரான வாப்பா லத்தீப் சட்டைக் கையைச் சுருட்டினார். சோதித்துப் பார்த்த டாக்டர், பொருந்தாது என்றார். உம்மா ஸுபைரா கையை நீட்டினாள். அதுவும் பொருந்தாது என்றார். வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜாபிரின் ரத்தம்தான் பொருந்தியது. ஜாபிர், ஸகீனாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. ஜெனீராவின் ஒரே மகன்.

பெண் பிழைத்தாள். கதை அத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஜாபிருக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய், உம்மா ஊட்டிவிட்ட முட்டையை விழுங்கிக்கொண்டே, "வாப்பாட ரத்தமும் சேரல்ல, உம்மாட ரத்தமும் சேரல்ல, என்ட ரத்தம் மட்டும்தான் ஸகீனாக்குச் சேந்த" என்று மார்தட்டியிருக்கிறான். அடுத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்த ஜெனீராவின் கை அப்படியே நின்றுவிட்டதாம்.

பெற்றவர்கள் இரண்டு பேருடைய ரத்தமும் இல்லாத பெண், தன் மகனின் ரத்தத்தோடு மட்டும் எப்படி ஒத்துப்போனாள்? அன்றிலிருந்து ஜெனீராவுக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்குத் தூக்கம் போனால் ஊரில் வேறு யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஸுபைராவுக்குக் கோபம் ஒரு பங்கு என்றால் நோவு இரண்டு பங்கு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் "பொருந்தாது" என்ற சொல்லைக் கேட்டபோது நீட்டிய கையை மடக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளைக்கு ஆபத்தான நேரத்தில் தன்னிடமிருந்து ஒரு சொட்டும் உதவவில்லையே என்ற துக்கம் இன்னும் போகவில்லை. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. அடுப்பை ஏசினாள், அவ்வளவுதான்.

"உம்மா, வட்டிலப்பம் வாசம் இங்கெ வரைக்கும் வருது" என்று உள்ளறையிலிருந்து ஸகீனா குரல் கொடுத்தாள். பிழைத்து எழுந்ததில் அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீண்டிருந்தது.

"அது டாக்டருக்கு. இண்டைக்கு உனக்குத் தையல் பிரிக்க வாறார்தானே. உனக்கும் ஒரு துண்டு ஈக்கு."

"மாமிக்கு?"

"உன்ட மாமிக்கு ஒரு கரண்டியும் இல்ல!"

தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் ஏலக்காயும் கலந்து பக்குவமாக அவிந்திருந்த வட்டிலப்பத்தை அவள் அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பள்ளிவாசல் லெப்பையிடம் மார்க்கச் சட்டம் கேட்கப் போயிருந்த லத்தீப் திரும்பி வந்தார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். அக்கா ஜெனீராவை அவர் ராத்தா என்றுதான் அழைப்பார்.

"நான் லெப்பைட்டப் போய்க் கேட்ட. ராத்தா நேத்தே போய்க் கேட்டுட்டா."

"என்னண்டு?"

"ஒரு தாயிட பால் குடிச்ச ரெண்டு பேர் சகோதரம், அவங்களுக்கு நிக்காஹ் கூடாதுதானே. அப்ப என்ட மகன்ட ரத்தமே அந்தப் புள்ளக்குள்ள போயிட்டுது, பாலை விட ரத்தம் பெரிசு இல்லயா, இனி அவங்களும் சகோதரம்தானே எண்டு கேட்டீக்கிறா."

ஸுபைரா கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. ஸகீனா எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"லெப்பை என்ன சொன்ன?"

"அவர் சிரிச்சார். பால்தான் அந்தச் சட்டம், ரத்தமில்ல எண்டார். அதுவும் ரெண்டு வயசுக்குள்ள குடிச்சீக்கணும். வயிறு நெறய, அஞ்சு தடவ. நாலு தடவ குடிச்சாலும் கணக்கில்ல. பத்தொன்பது வயசுக் குமருக்கு ஊசியால ஏத்தினதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல எண்டு அடிச்சுச் சொன்னார்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

"ஆனா..." என்றார் லத்தீப். இந்த மனிதரின் 'ஆனா'வுக்குப் பிறகு நல்ல செய்தி வந்ததாகச் சரித்திரம் இல்லை. "ராத்தா இன்னொண்டும் கேட்டீக்கிறா. ரெண்டு பேருக்கும் ஒரே வாப்பாவா ஈந்தா என்ன செய்யிற எண்டு."

ஸுபைராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சுட்டன. இருபது வருஷத்துக்கு முன்பு, அவள் கல்யாணம் முடித்து வந்த புதிதில், அவர்களும் ஜெனீராவின் குடும்பமும் பண்டாரவளையில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தவர்கள். ரெயில் பாதை பதுளைக்கு வந்த பிறகுதான் இரண்டு குடும்பமும் இங்கே வந்து தனித்தனி வீடு பிடித்தன. ஜெனீராவின் கணவர் புஹாரி வாய் திறந்து பேசியதை ஸுபைரா கேட்டதே அபூர்வம். அந்த மனிதரையும் தன்னையும் சேர்த்தா?

"லெப்பை அதுக்கு என்ன சொன்ன?"

"அதை டாக்டர்ட்டக் கேளுங்கோ எண்டு சொல்லிட்டார்."

"வரட்டும்" என்றாள் ஸுபைரா. இடுப்பிலிருந்த சாவியை இன்னும் ஆழமாகச் செருகினாள். லத்தீபுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பத்து மணிக்கு ஜெனீரா வந்தாள். முன்னால் அவள், பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு புஹாரி. ஜெனீரா கதிரையில் அமர்ந்ததும் அது யாருடைய வீடு என்று சொல்வது கடினமாகிவிட்டது. புஹாரி கதவோரமாக, ஓடுவதற்கு வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"நான் சண்டைக்கு வரல்ல" என்று ஜெனீரா தொடங்கினாள். சண்டைகள் எல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன. "என்ட மகன்ட ஹயாத்து, அவன்ட வாழ்க்கை விஷயம். ஒளிச்சு மறச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஸகீனாட ரத்தம் உனக்கும் இல்ல, என்ட தம்பிக்கும் இல்ல. ஜாபிர்ட ரத்தமும் அவள்ட ரத்தமும் ஒண்டு. அது எப்புடி?"

"எப்புடி மச்சி? நீங்களே சொல்லுங்கோ" என்று நாத்தனாரைத் திருப்பிக் கேட்டாள் ஸுபைரா.

ஜெனீரா கழுத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். புஹாரியின் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டி கீழே விழுந்து பாக்கு நாலாபக்கமும் உருண்டது.

"ஜெனீரா, அல்லாஹ்வுக்காக..." என்றார் அவர்.

"நீங்க பேசவாணாம்!"

"ராத்தா, ஒரு கண்ணியமான பொம்புளையப் பாத்து..." என்று லத்தீப் எழுந்தார்.

"நீயும் இரு. நான் ஒருத்தரயும் குத்தம் சொல்லல்ல. ஜாபிரப் பாரு. மூக்குலருந்து கால் நகம் வரைக்கும் நான். என்ட ரத்தத்தப் பாலாக்கி ரெண்டு வருஷம் குடுத்து வளத்தவன். வேறொருத்தியிட பால் ஒரு சொட்டு அவன்ட நாவுல பட்டதில்ல. அவன்ட ரத்தம் என்ட ரத்தம். அந்த ரத்தம் ஸகீனாக்கு எங்கெருந்து வந்த எண்டு தெரியாம நான் நிக்காஹ் முடிக்க ஏலாது. இவ்வளவுதான்."

ஸுபைரா பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. ஆனால் உள்ளறைத் திரையின் ஓரத்தில், கட்டிலில் இருந்தபடியே நீண்ட ஸகீனாவின் விரல்கள் தெரிந்தன. அவை திரையை இறுக்கிப் பிடித்திருந்தன. சண்டையில் தான் ஜெயித்தால் மகளின் கல்யாணம் தோற்றுவிடும். வந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கினாள். விளக்கெண்ணெய் குடித்ததுபோல முகம் கோணியது.

நல்லவேளையாக வாசலில் டாக்டர் ஜௌபரின் குரல் கேட்டது.

கொழும்பில் படித்து வந்த ஒல்லி மனிதர் டாக்டர். வயது முப்பதுக்குள். கையில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் இரண்டு சின்னக் குப்பிகள், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒரு கொப்பி. ஊரில் அகப்பட்டவர்களின் விரலை எல்லாம் குத்தி, யாருக்கு எந்த வகை ரத்தம் என்று எழுதி வைப்பது அவருடைய வேலை. அடுத்த முறை யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் ஆளைத் தேடி ஓட வேண்டியதில்லையாம். அவர் தெருவில் வந்தால் சிலர் விரலை மடக்கிச் சாரத்துக்குள் மறைத்துக்கொள்வார்கள்.

உள்ளறையில் தையலைப் பிரித்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "காயம் நல்லா ஆறீட்டு. இருபது நாள்ல கல்யாணம்தானே? நடந்தே போகலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ன, ஏதும் பிழையா சொல்லிட்டனா?"

லத்தீப் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றி வளைத்து, பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அப்புடி இல்ல. ஸகீனாக்கு ஓ வகை. உங்களுக்கு ஏ வகை, அவங்களுக்கு பி வகை. ஏ-யும் பி-யும் கல்யாணம் முடிச்சா ஓ பொறக்கலாம். அதுல ஒரு புதினமும் இல்ல."

"எனக்கு ஏ-யும் தெரியாது, பி-யும் தெரியாது" என்றாள் ஜெனீரா. "அவரைக்கொட்டை போட்டா அவரை முளைக்கும். அதுதான் தெரியும்."

திரைக்குப் பின்னாலிருந்து ஸகீனாவின் குரல் வந்தது. "டாக்டர், மாமிக்கும் மாமாக்கும் ஒருக்கா பாருங்கோவன்."

ஜெனீரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாருங்கோ! நல்லா பாருங்கோ. என்ட மகன்ட ரத்தம் என்னுட்டத்தான் ஈக்கும். அப்பவாவது இந்த வீட்டுல உள்ளவங்களுக்கு விளங்கட்டும்" என்று மோதிரம் போட்ட விரலை மகாராணி போல நீட்டினாள்.

டாக்டர் பீங்கானை வைத்தார். சிவப்பு மூடிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு, நீல மூடிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. "சிவப்புல திரிஞ்சா ஏ. நீலத்துல திரிஞ்சா பி. ரெண்டுலயும் திரியாட்டி ஓ. ஜாபிர்ட ரத்தம் ரெண்டுலயும் திரியல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஜெனீராவின் விரலைக் குத்தி இரண்டிலும் ரத்தத்தைக் கலந்தார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் அப்படியே இருந்தது. சிவப்புக் குப்பிச் சொட்டில் மெல்ல மெல்ல, புளி விட்ட பால் போல, ரத்தம் திரிதிரியாகத் திரண்டது.

"ஏ" என்றார் டாக்டர். "உங்கட தம்பிட வகை."

"அப்ப ஜாபிர் அவன்ட வாப்பாவக் கொண்டு பொறந்தீக்கிறான்" என்றாள் ஜெனீரா, கொஞ்சம் அவசரமாக. "வாங்கோ இங்க! விரலக் குடுங்கோ!"

புஹாரி கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொன்னார். ஊசி பட்டதும் "ஆ" என்றார். இந்த முறை சிவப்பு அப்படியே இருந்தது. நீலம் திரண்டது.

"பி" என்றார் டாக்டர்.

ஜெனீரா பீங்கானைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். திரும்பவும் பீங்கானைப் பார்த்தாள். அவள் மகனுக்குச் சிவப்பிலும் திரியவில்லை, நீலத்திலும் திரியவில்லை. அவளுடைய ரத்தமும் இல்லை, அவள் புருஷனுடைய ரத்தமும் இல்லை. அவள் வாய் திறந்தது, ஆனால் ஒன்றும் வரவில்லை. அந்த வாயிலிருந்து ஒன்றும் வராததை ஸுபைரா இருபது வருஷத்தில் இன்றுதான் பார்த்தாள்.

கேள்வி ஸுபைராவின் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் கதவோரத்திலிருந்து புஹாரி மிகவும் பணிவாகப் பேசினார்.

"ஜெனீரா, நானும் சண்டைக்குக் கேக்கல்ல. ஜாபிர் யார்ட மகன்?"

முதலில் வெடித்தது திரைக்குப் பின்னால்தான். ஸகீனா தையல் பிரித்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டாக்டர். பிறகு லத்தீப், அக்காவுக்குப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. ஸுபைரா சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜெனீராவுக்கு மட்டும் முகம் சுருங்கிப்போனது. "சிரிக்காதீங்கோ... டாக்டர், நான் சத்தியமா... அவன் என்ட வயித்துல பொறந்தவன்" என்றாள். அதைக் கேட்டதும் ஸுபைராவின் சிரிப்பு நின்றது. பத்து நாளாகத் தன் நெஞ்சுக்குள் கிடந்த அதே வார்த்தை அல்லவா அது?

"டாக்டர்" என்றாள் ஸுபைரா. "எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

டாக்டர் கொப்பியைத் திறந்து கோடு போட்டார், எழுத்துப் போட்டார், அம்பு போட்டார். "ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு ஈக்கு. வாப்பாட ரெண்டுல ஒண்டு, உம்மாட ரெண்டுல ஒண்டு பிள்ளைக்குப் போகும். ஏ-யும் ஓ-வும் சேந்து ஈந்தா ஏ மட்டும்தான் வெளிய தெரியும், ஓ மறைஞ்சிரும்..."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருவரைத் தவிர.

"பொறுங்கோ, பொறுங்கோ!" லத்தீப் எழுந்து கல்யாணத்துக்காகக் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த துணிக் கட்டைப் பிரித்தார். சிவப்புச் சீத்தை ஒரு துண்டு, நீலச் சீத்தை ஒரு துண்டு, மெல்லிய வெள்ளை மல் இரண்டு துண்டு. சிவப்பை வெள்ளையின் மேல் போட்டுப் பிடித்தார். "இது நான். பாக்கிறவனுக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும். உள்ளுக்கு வெள்ளை ஈக்கிறது எனக்கே தெரியாது. சரியா டாக்டர்?"

"ரொம்பச் சரி!"

"ஸுபைரா, நீ இதப் பிடி." அவள் கையில் நீலத்தை வைத்து அதன் அடியில் வெள்ளையை வைத்தார். "பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு துண்டு குடுக்கணும். எதக் குடுக்கிறது எண்டு நாங்க முடிவு செய்யிறதில்ல, அது படைச்ச றப்பு செய்யிற முடிவு. நான் சிவப்பக் குடுத்தும் ஈக்கலாம். ஆனா நான் உள்ள ஈந்த வெள்ளையக் குடுத்தன். நீயும் உள்ள ஈந்த வெள்ளையக் குடுத்தாய்."

இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் உருவி ஒன்றாகச் சேர்த்து உயர்த்திக் காட்டினார். "இது ஸகீனா."

"ஸகீனாக்கு ஏன் உங்கட ரத்தம் சேரல்ல தெரியுமா?" என்றார் டாக்டர். "வெள்ளை மட்டும் ஈக்கிற உடம்பு சிவப்பையும் ஏக்காது, நீலத்தையும் ஏக்காது. வெள்ளைக்கு வெள்ளைதான் வேணும்." பிறகு ஸுபைராவின் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தணித்தார். "அண்டைக்கு உங்கட ரத்தம் உதவல்லண்டு கவலைப்பட வாணாம். உங்கட மகள்ட வெள்ளையில பாதி நீங்க குடுத்ததுதான்."

ஸுபைரா அந்த வெள்ளை மல் துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். எவ்வளவு மெல்லியது! தனக்குள் இப்படி ஒன்று இருந்தது தனக்கே தெரியாமல், மகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவள் வெட்கப்படாமல் அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றாள். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

"அப்ப நானும் சிவப்புக்குள்ள வெள்ளையா?" என்று கேட்டாள் ஜெனீரா, சிறு பிள்ளை போல.

"ராத்தா, நானும் நீங்களும் ஒரே வீட்டுத் துணிதானே" என்றார் லத்தீப். "மச்சான் நீலத்துக்குள்ள வெள்ளை. ஜாபிர் சுத்த வெள்ளை."

"அப்ப ஜாபிரும் ஸகீனாவும் ஒண்டுபோல ஈக்கிறது?"

டாக்டர் கொப்பியைப் புரட்டினார். "இந்த ஊர்ல இதுவரைக்கும் அறுபத்திரண்டு பேர் பாத்தீக்கிற. இருபத்தாறு பேர் வெள்ளை. தபால் கந்தோர் மாத்தயா வெள்ளை. பேக்கரியில பாண் போடுற அப்புஹாமி வெள்ளை. பொலிஸ் சார்ஜனும் வெள்ளை. எல்லாரும் உங்கட மகன்ட சகோதரமா?"

புஹாரி அவசரமாகக் கைகளை உயர்த்தி, "அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல!" என்றார்.

இந்த முறை ஜெனீராவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து ஸுபைராவின் இரண்டு கைகளையும் பிடித்தாள். "என்ட வாயத் தண்ணி ஊத்திக் கழுவணும். மன்னிச்சுக்கொள்ளு புள்ள."

ஸுபைரா உடனே மன்னித்துவிடவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை அவள். ஒரு பெருமூச்சு விட்டு, கூரையைப் பார்த்து, ஜெனீராவைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தாள். பிறகுதான் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள்.

"இருங்கோ மச்சி. வட்டிலப்பம் ஈக்கு" என்றாள்.

டாக்டர் இரண்டு துண்டு சாப்பிட்டு, மூன்றாவதை வேண்டாம் என்று சொல்லி, அதையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ஸகீனா உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பத்து நாளுக்குப் பிறகு முதல் முறையாக நடந்து வந்து, மாமியின் பக்கத்தில் அமர்ந்தாள். கல்யாணத்துக்கு எத்தனை ஆடு அறுப்பது என்பதில் பேச்சு போயிற்று. ஜெனீராவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஒரே மகன். ரெண்டு வருஷம் நான் மட்டும் பால் குடுத்து வளத்தவன்..." என்று அவள் ஆரம்பித்தபோது வாசலில் ஆள் நிழல் தட்டியது.

"அம்மா! புள்ளைக்கு எப்புடி இருக்கு?"

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து நல்லம்மா. ஞாயிறு லீவு என்பதால் விடியற்காலையிலேயே நடந்து, பண்டாரவளையில் ரெயில் ஏறி வந்திருந்தாள். தலையில் பலாக்காய், கையில் கோழி முட்டை கட்டிய துணி.

ஸுபைரா ஓடிப்போய்ச் சுமையை இறக்கினாள். ஸகீனா பிறந்தபோது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவள் ஸுபைரா. அந்த நாற்பது நாளும் பண்டாரவளை வீட்டுக்கு வந்து ஸகீனாவுக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றியவள் நல்லம்மா. நல்லம்மாவின் மகன் மாரிசாமி மூலம் சேதி போயிருக்கிறது.

நல்லம்மா ஸகீனாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். "தேவலயா என் தங்கம்? நாப்பது நாளு என் மடியில கெடந்த புள்ளயாச்சே. கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல." பிறகுதான் ஜெனீராவைக் கண்டாள். முகம் மலர்ந்தது. "அட, ஜெனீராம்மாவும் இங்கதான் இருக்கீங்களா! ஜாபிர் தம்பிக்கும் நம்ம புள்ளைக்குமா கல்யாணம்? மாரிசாமி சொன்னான். எனக்கு எம்புட்டுச் சந்தோசம்! ரெண்டும் என் பால் குடிச்ச புள்ளைங்கதானே!"

ஜெனீராவின் கரண்டி பீங்கானில் விழுந்தது.

லத்தீப் சுவரில் மாட்டியிருந்த தொப்பியைப் பார்த்தார். லெப்பையின் வார்த்தைகள் அங்கேயே தொங்குவதுபோல அவருக்குப் பட்டது. ரெண்டு வயசுக்குள்ள. வயிறு நெறய. அஞ்சு தடவ.

"மச்சி?" என்றாள் ஸுபைரா.

"ஒரே ஒரு நாள்!" ஜெனீராவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ கல்யாணம் முடிச்சு வர முந்தி. ஜாபிர் மூணு மாசப் பிள்ள. எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து பால் நிண்டுபோச்சு. ஒரு பகல் மட்டும்தான். மறுநாளே நான் குடுத்தன். வெளிய சொல்ல வெக்கமா ஈந்த..."

ஸகீனாவின் முகம் மறுபடியும் வெளுத்தது. அவளைப் பற்றிக் கேள்வியே இல்லை. நாற்பது நாள் குடித்தவள். இனி எல்லாம் ஜாபிரின் அந்த ஒரு பகலில் இருந்தது.

ஸுபைரா நல்லம்மாவின் எதிரில் பாயில் உட்கார்ந்தாள். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"நல்லம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. அண்டைக்கு ஜாபிருக்கு எத்தன தடவ பால் குடுத்தாய்?"

நல்லம்மா சிரித்தாள். "அதெல்லாம் யாரும்மா எண்ணுனா!"

"எண்ணு. இப்ப எண்ணு. வயிறு நெறயக் குடிச்சத மட்டும்."

"நாலுதான்! நாலுதான் ஈக்கும்!" என்றாள் ஜெனீரா. கல்யாணத்தைக் கலைக்க வந்த அதே ஜெனீரா.

"நீங்க சும்மா இருங்கோ மச்சி. அவ சொல்லட்டும்."

நல்லம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். வலது கையைத் தூக்கினாள்.

"காலையில வந்ததும் வீறிட்டு அழுதுச்சு, அப்ப ஒருவாட்டி." சுண்டுவிரல் மடங்கியது. "அப்பறம் நான் கஞ்சி குடிச்ச பெறகு." மோதிர விரல். "மத்தியானம் மழ வந்துச்சு, அப்ப." நடுவிரல். "தூங்கி முழிச்சுச்சு, அப்ப ஒருவாட்டி." ஆள்காட்டி விரல்.

"நாலு" என்றாள் ஸகீனா, மூச்சுக்குள்.

"அந்திக்கு நான் தோட்டத்துக்குத் திரும்பக் கெளம்புனேன்" என்றாள் நல்லம்மா. "தம்பி என் சேலையப் புடிச்சுக்கிட்டு விடல. தூக்குனேன்... தூக்கி மடியில போட்டேன்..."

அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்து யோசித்தாள். நிமிர்ந்து நின்ற அவளுடைய கட்டைவிரலையே ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.